வரிசை முடியும் வரை

கவர்னர் மாளிகை,
செயின்ட் ஆஸ்வின் தீவு,
26 மே 1894

அன்புள்ள தங்கை லவினியாவுக்கு,

நலம். உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். லட்லோவில் இன்னும் குளிர் விடவில்லையா? எனக்கு மாலை நேரத்தில் இடது கால் வீங்குகிறது. மற்றபடி குறையில்லை.

நேற்று முன்தினம் மகாராணியின் பிறந்தநாள். வழக்கம்போல் துறைமுகத் திடலில் அணிவகுப்பு. போலீஸ், சுங்கம், தபால், சிறை, துறைமுகம் என்று அரசாங்கச் சீருடை அணிந்தவர் எல்லோரும் நிற்க வேண்டும். இந்த முறை நூற்றுப் பன்னிரண்டு பேர். நான் இறகுத் தொப்பியும் வாளுமாக முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை நடந்து, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு நொடி நிற்க வேண்டும். நான் வரிசையை முடித்துத் தொப்பியைக் கழற்றும்வரை ஒருவரும் அசையக் கூடாது. எனக்கு முன் பதினொரு கவர்னர்கள் இதையே செய்தார்கள்.

அந்த நேரத்தில் ‘பெர்சிஸ்’ என்ற பாய்மரக் கப்பல் பக்கத்துத் தீவிலிருந்து வந்து, வழிகாட்டி வேண்டும் என்று கொடி ஏற்றித் துறைமுகத்துக்கு வெளியே நின்றிருக்கிறது. இங்கே பாறைத் திட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு வழிதான். துறைமுக வழிகாட்டி படகில் போய் ஏறிக் கூட்டி வந்தால்தான் எந்தக் கப்பலும் உள்ளே வரலாம். காற்று திசை மாறியது. கப்பல் பாறையில் மோதி உடைந்தது. இரண்டு மாலுமிகளும் சந்தைக்கு வந்த இரண்டு பெண்களும் இறந்துபோனார்கள்.

வழிகாட்டி எஸ்ரா பைனோ என்பவன் மற்றவர்களோடு வரிசையில் நின்றிருந்தான். அணிவகுப்பின் நடுவே ஓர் ஆள் ஓரடி முன்னால் வந்து ஏதோ கேட்டான். ‘பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லி நகர்ந்தேன். விசாரணைக் குழு ஒன்றை நியமித்திருக்கிறேன்.

கிழக்கே காலியாகப் போகும் அந்தப் பெரிய கவர்னர் பதவியைப் பற்றி ஏதாவது காதில் விழுந்தால் எழுது.

அன்புள்ள அண்ணன்,
ஹ்யூபர்ட்


லட்லோ,
20 ஜூன் 1894

அன்புள்ள அண்ணா,

நலம், உன் நலம் அறிய ஆவல். மூட்டுவலி போய்விட்டது. வீட்டுக்காரி கொடுத்த தைலத்தால் போனதாக அவள் சொல்கிறாள், வெயில் வந்ததால் போனதாக நான் சொல்கிறேன். காலை உயர்த்தி வைத்துத் தூங்கு.

மறைந்த என் கணவர் ஹென்றியோடு லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் சென்ற வாரம் தேநீருக்கு வந்தார். கிழக்குப் பதவிக்கு மூன்று பெயர்கள் மேசையில் இருக்கின்றனவாம், உன் பெயர்தான் முதலாவதாம். ‘இந்த வருஷம் அவர் சத்தமில்லாம இருந்தாப் போதும்மா, பதவி தானா மடியில வந்து விழும்’ என்றார். கேக்கை மூன்று துண்டு சாப்பிட்டார். அதனால் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும்.

கப்பல் செய்தி படித்து இரண்டு நாள் மனசே சரியில்லை. வரிசையிலிருந்து முன்னால் வந்து ஏதோ கேட்டான் என்றாயே, அவன் யார்? என்ன கேட்டான்?

அன்புத் தங்கை,
லவினியா


செயின்ட் ஆஸ்வின்,
14 ஜூலை 1894

அன்புள்ள லவினியாவுக்கு,

நலம். நீ சொன்னபடி காலுக்கு இரண்டு தலையணை வைக்கிறேன். மழை தொடங்கிவிட்டது. கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது.

விசாரணை முடிந்தது. கப்பல் கொடி ஏற்றியபோது வழிகாட்டி தன் படகில் இல்லை, அது கடமை தவறியது என்று குழு முடிவு செய்தது. அவனுக்கு வேலை போயிற்று, பத்தொன்பது வருட ஓய்வூதியமும் போயிற்று. அறிக்கை என்னிடம்தான் வரும். கையெழுத்திட்டேன். கவர்னர் தான் நியமித்த குழுவின் முன் சாட்சியாக நிற்க முடியாது. அது சட்டம். எனவே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

முதல் பெயர் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு பழைய கணக்கெல்லாம் ஞாபகம் வந்தது. இருபத்து மூன்று வயதில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மூன்றாம் நிலை எழுத்தராகப் போனேன். அந்தக் கப்பலில் எங்களில் ஆறு பேர் இறங்கினோம். இரண்டாம் வருடக் காய்ச்சலுக்குப் பிறகு இருவர் மிஞ்சினோம். பிறகு கிழக்கே ஒரு மலை மாவட்டம். அங்கேதான் ஆலிஸை மணந்தேன், அங்கேதான் புதைத்தேன். பிறகு இரண்டு இடங்களில் செயலர். நாற்பத்தெட்டு வயதில் இந்தத் தீவு: பதினான்காயிரம் பேர், ஒரு சிறை, நொடித்துப்போன ஏழு கரும்புத் தோட்டங்கள். சின்னத் தீவின் கவர்னராக மூன்று வருடத்துக்கு மேல் இருப்பவரை லண்டன் மறந்துவிடும். எனக்கு மூன்று முடிந்துவிட்டது.

அன்புள்ள அண்ணன்,
ஹ்யூபர்ட்


லட்லோ,
9 ஆகஸ்ட் 1894

அன்புள்ள அண்ணா,

நலம். கூரையைச் சரி செய்தாயிற்றா? ஈரத்தில் உனக்கு இருமல் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கடைத்தெருவில் வெள்ளைப் பருத்தித் துணி வந்திருந்தது. பன்னிரண்டு கஜம் வாங்கினேன். எதற்கு என்று வீட்டுக்காரி கேட்டாள். இங்கே வெள்ளைத் துணி உடுத்த வருடத்தில் நான்கு நாள்தான் வாய்க்கும் என்று அவளுக்கும் தெரியும். சும்மா என்றேன்.

பெரிய கவர்னர் மாளிகையில் விருந்துக்குத் தலைமை தாங்க வீட்டுப் பெண் ஒருத்தி வேண்டும் என்று ஹென்றி சொல்வார். மனைவி இல்லாத கவர்னர்களுக்குச் சகோதரிகள் போவதுண்டாம். ஒரு தகவலுக்காக எழுதினேன்.

போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

அன்புத் தங்கை,
லவினியா


செயின்ட் ஆஸ்வின்,
30 செப்டம்பர் 1894

அன்புள்ள லவினியாவுக்கு,

பதினோரு வாரம் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கூரையைச் சரி செய்தாயிற்று.

பைனோ ஒரு மனு எழுதி நேராக லண்டனுக்கு அனுப்பியிருந்தான். விதிப்படி எந்த மனுவும் கவர்னர் வழியாகத்தான் போக வேண்டும், கவர்னரைப் பற்றிய புகாராக இருந்தாலும். அதனால் பிரிக்காமலே எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் படித்து, என் கருத்தை எழுதி, மீண்டும் லண்டனுக்கு அனுப்ப வேண்டும்.

தலைமைச் செயலர் ஆக்லியிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

‘அனுமதி கேட்டேன், கவர்னர் பிறகுன்னுட்டாருன்னு எழுதியிருக்கான். அப்படி நடந்துச்சா சார்?’

‘நடந்தது.’

‘பேண்டு வாசிச்சுக்கிட்டு இருந்துச்சே. உங்களுக்குக் காதுல விழுந்திருக்காது.’

‘விழுந்தது ஆக்லி.’

‘விழலைன்னு எழுதினா யாரும் இல்லைன்னு சொல்லப் போறதில்ல. சும்மா சொல்லி வைக்கிறேன்.’

மனு இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அனுப்ப வேண்டிய காலக்கெடு எதுவும் விதியில் இல்லை. நீ இரண்டு முறை கேட்டுவிட்டாய். முன்னால் வந்தது பைனோதான். கப்பலுக்குப் போகத்தான் அனுமதி கேட்டான். இப்போது வேறு ஒருவரின் படகுக்குத் தார் பூசி வயிற்றைக் கழுவுகிறான் என்று சொல்கிறார்கள். எழுதக்கூடியதைவிடக் குறைவாகத்தான் மனுவில் எழுதியிருக்கிறான்.

அன்புள்ள அண்ணன்,
ஹ்யூபர்ட்


லட்லோ,
22 அக்டோபர் 1894

அன்புள்ள அண்ணா,

நலம். இங்கே இலையெல்லாம் கொட்டிவிட்டது.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு கிழக்குப் பதவியை முடிவு செய்வார்கள். நான் அவனுக்கு நியாயம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜனவரியில் அனுப்பு என்கிறேன். லண்டன் அலுவலகத்தில் ஒரு காகிதம் தட்டில் மூன்று மாதம் கிடப்பதை யாரும் தாமதம் என்றே சொல்வதில்லை என்பார் ஹென்றி. பெரிய இடத்துக்குப் போய்விட்டால் அங்கிருந்து நீயே அவனுக்கு ஏதாவது செய்யலாமே.

எனக்கு ஐம்பது ஆகப் போகிறது. இரண்டு அறையில் பதினோரு வருடம். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை.

‘எழுதக்கூடியதைவிடக் குறைவாக’ என்று எழுதியிருந்தாய். அது என்ன?

அன்புத் தங்கை,
லவினியா


செயின்ட் ஆஸ்வின்,
2 டிசம்பர் 1894

அன்புள்ள லவினியாவுக்கு,

நலம். உன் பிறந்தநாளுக்கு இந்தக் கடிதம் வந்து சேரும் என்று நினைக்கிறேன். வாழ்த்துகள்.

மனுவை வியாழக்கிழமைக் கப்பலில் அனுப்பிவிட்டேன். என் கருத்தாக எழுதியது இவ்வளவுதான்: ‘மனுதாரர் சொல்வது உண்மை. அவர் அனுமதி கேட்டார். நான் மறுத்தேன். அவர் மீது குற்றம் இல்லை. விசாரணைக் குழுவுக்கு இது தெரியாது.’

மறுநாள் காலை குதிரையில் போகும்போது கடற்கரையில் பைனோவைப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

‘மனுவை அனுப்பிட்டேன், பைனோ.’

‘எங்கய்யா? திரும்பவும் உங்க மேசைக்கேவா?’

‘லண்டனுக்கு. நீங்க எழுதினது உண்மைன்னு எழுதியிருக்கேன்.’

படகடியில் ஒட்டியிருந்த ஒரு சிப்பியைப் பெயர்த்து மணலில் போட்டார்.

‘இதை நீங்களே வந்து எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுங்கய்யா. நான் போய்ச் சொன்னா, வெயில்ல நின்னு மண்டை கலங்கிடுச்சும்பா.’

போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ‘சரி’ என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அன்புள்ள அண்ணன்,
ஹ்யூபர்ட்


லட்லோ,
11 பிப்ரவரி 1895

அன்புள்ள அண்ணா,

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் எழுதவில்லை. சளி பிடித்திருந்தது என்று சொல்லலாம், பிடித்திருந்ததும் உண்மைதான். கோபமாக இருந்தேன் என்பதே சரியான காரணம்.

இப்போது கோபம் இல்லை. கிழக்குப் பதவி உனக்குத்தான். அதிகாரபூர்வக் கடிதம் உனக்கு இதே கப்பலில் வரும். ஹென்றியின் நண்பர் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். உன் ஐந்து வரியை அங்கே எல்லோரும் படித்தார்களாம். ‘பெரிய மனுஷன்மா உங்க அண்ணன். தப்பைத் தன்மேல போட்டுக்கிட்டாரே, அமைச்சருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு’ என்றார். அந்த வழிகாட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது வேறு மேசையாம்.

பதவியோடு பட்டமும் வருமாம், சர் ஹ்யூபர்ட் என்று எழுதிப் பார்த்தேன். கையெழுத்து கோணலாக வந்தது. அண்ணா, நானும் வருகிறேன். நீ கூப்பிடுவாய் என்று எட்டு மாதமாகக் காத்திருந்தேன். இப்போது நானே கேட்டுவிட்டேன். தையற்காரியிடம் ஆறு உடுப்புக்குச் சொல்லியிருக்கிறேன்.

அன்புத் தங்கை,
லவினியா


செயின்ட் ஆஸ்வின்,
12 மார்ச் 1895

அன்புள்ள லவினியாவுக்கு,

உன் சளி போய்விட்டதா? இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

பதவிக் கடிதமும் மனுவுக்கான பதிலும் ஒரே பையில் வந்தன. பதிலை மனுதாரரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆக்லி வாசித்தார்: ‘சத்தியப் பிரமாணத்தின் பேரில் புதிய சாட்சியம் அளிக்கப்பட்டாலன்றி, குழுவின் முடிவில் தலையிட அமைச்சர் காரணம் காணவில்லை.’

‘அப்படின்னா என்னய்யா?’ என்று பைனோ என்னிடம் கேட்டார்.

நான் வாய் திறக்கும் முன் ஆக்லி சொன்னார். ‘கவர்னர் எழுதினது கடிதம்தான், சாட்சி இல்ல. தான் போட்ட குழு முன்னால கவர்னர் சாட்சி சொல்ல முடியாது.’

‘வேற யாரு சொல்லணும்?’

‘பக்கத்துல நின்னவங்க யாராவது பார்த்திருப்பாங்களே.’

‘நூத்துப் பன்னெண்டு பேரும் நேராப் பார்த்துக்கிட்டு நின்னாங்கய்யா. தலையைத் திருப்பக் கூடாதுன்னு உங்க உத்தரவுதானே.’

ஆக்லி காகிதத்தை மடித்தார். பைனோ என்னைப் பார்த்து, ‘உங்களுக்குப் பெரிய எடம் கெடைச்சிருக்காமே. சந்தையில பேசிக்கிட்டாங்க. நல்லா இருங்கய்யா’ என்றார். அதில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

லவினியா, கவர்னர்தான் சாட்சி சொல்ல முடியாது. கவர்னராக இல்லாதவர் சொல்லலாம். கிழக்குப் பதவி வேண்டாம் என்று எழுதிவிட்டேன். ஏப்ரல் 30-ஆம் தேதியோடு இந்தப் பதவியையும் விடுகிறேன். புதியவர் வரும்வரை ஆக்லி பொறுப்பில் இருப்பார். குழுவை மீண்டும் கூட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். போகும் கவர்னர், புதியவர் வரும் முன் தீவை விட்டுப் போய்விட வேண்டும் என்பது இங்கே வழக்கம். ஒரே தீவில் இரண்டு கவர்னர் இருக்கக் கூடாதாம். நான் இருக்கப் போகிறேன்.

நீ வருவதாக எழுதியதை நான்கு முறை படித்தேன்.

ஹ்யூபர்ட்


லட்லோ,
6 ஏப்ரல் 1895

அன்புள்ள அண்ணா,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. தையற்காரியிடம் போய்ச் சொன்னேன். இரண்டு உடுப்பு தைத்து முடித்துவிட்டாள். அவளுடைய தங்கை மகளுக்குச் சரியாக இருந்தது, கொடுத்துவிட்டேன்.

முடிவு செய்யும் முன் நீ என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

உன் ஐந்து வரியே லண்டனுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் இன்னும் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது? அக்டோபரில் ஒன்று கேட்டிருந்தேன். அவன் எழுதியது குறைவு என்றாயே, மிச்சம் என்ன என்று. இப்போதாவது எழுது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு.

லவினியா


மிஸ் தியடோரா சீலியின் விடுதி,
துறைமுகத் தெரு, செயின்ட் ஆஸ்வின்,
16 மே 1895

அன்புள்ள லவினியாவுக்கு,

நலம். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

மாளிகையிலிருந்து ஒரு பெட்டியோடு இங்கே வந்தேன். மிஸ் சீலி முதல் நாளே சொல்லிவிட்டார்: ‘இங்க சாப்பாட்டுக்கு மணி அடிக்க மாட்டேன். பசிச்சா நீங்களா வந்து உக்காரணும். நீங்க உள்ள வந்தா யாரும் எந்திரிச்சு நிக்க மாட்டாங்க, அதையும் இப்பவே சொல்லிடுறேன்.’ கருவாடும் வேகவைத்த பலாவகைக் காயும் தருகிறார். நன்றாகவே இருக்கிறது.

போன வியாழக்கிழமை குழு கூடியது. இடம் நிறைந்திருந்தது. இறந்துபோன பெண்களின் வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பைபிளைத் தொட்டு உறுதி சொன்னேன். எழுத்தர் ஹ்யூபர்ட் டாரன்ட் என்று என் பெயரை எழுதிக்கொண்டு, ‘தொழில்?’ என்றார். இல்லை என்றேன். ‘ஒண்ணுமே போடலைன்னா படிவத்துல எடம் காலியா இருக்குமே சார்’ என்றார். காலியாக இருக்கட்டும் என்றேன்.

தலைவர் கேட்டார்: ‘வழிகாட்டி பைனோ உங்ககிட்ட அனுமதி கேட்டாரா?’

‘கேட்டார்.’

‘ஒரு தடவை?’

‘இரண்டு தடவை.’

மனுவில் ஒரு தடவை என்றுதான் இருந்தது. நான் லண்டனுக்கு எழுதியதிலும் அதுதான். உனக்கு எழுதியதிலும் அதுதான். நடந்தது இது: முதல் தடவை நான் வரிசையின் தொடக்கத்தில் இருந்தேன். அவர் தூரத்தில் ஓரடி முன்னால் வந்து, ‘ஐயா, கப்பல்’ என்று உரக்கச் சொன்னார். ‘பிறகு’ என்றேன். அப்போது நான் கடலைப் பார்க்கவில்லை. நடந்து அவருக்கு நேராக வந்தபோது அவர் மறுபடியும் சொன்னார். கையை நீட்டிக் காட்டினார். காட்டிய பக்கம் பார்த்தேன். பாயும் தெரிந்தது, கொடியும் தெரிந்தது. அந்தக் கொடிக்கு என்ன பொருள் என்று மூன்று வருடமாக எனக்குத் தெரியும். வரிசையில் இன்னும் பதினாறு பேர் மிச்சம் இருந்தார்கள். ‘வரிசை முடியட்டும்’ என்றேன். பதினாறு பேர் முன்னாலும் ஒவ்வொரு நொடி நின்றேன். எந்த இடத்திலும் வேகமாக நடக்கவில்லை.

இதை இதே வார்த்தைகளில் குழுவுக்குச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து வெளியே போனார். நீ கேட்ட மிச்சம் இதுதான்.

திங்கட்கிழமை அறிக்கை வந்தது. பைனோ குற்றமற்றவர். வேலையும் பத்தொன்பது வருடமும் திரும்பக் கிடைத்தன. என்னைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. ஆக்லி அதை லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார். இனி அங்கே என் பெயரைக் கேட்டுத் தேநீருக்கு யாரும் வர மாட்டார்கள். உனக்கு நான் செய்தது அதில் எந்தப் பத்தியிலும் இல்லை. அது எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன்.

நேற்றுக் காலை படகுத்துறையில் பைனோவைப் பார்த்தேன். சீருடையில் இருந்தார். பித்தான்களை அவர் மனைவி மாற்றித் தைத்திருந்தார், ஒன்று நிறம் வேறு.

‘பைனோ, ஒன்று கேட்கணும். மனுவுல ஏன் ஒரு தடவைன்னு எழுதினீங்க?’

படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

‘ரெண்டு தடவைன்னுதான் சொன்னேன், மிஸ்டர் டாரன்ட். மனு எழுதிக் கொடுத்த வக்கீல்தான் ஒண்ணை அடிச்சிட்டாரு. ஒரு தடவைன்னா காதுல விழலைன்னு நினைச்சு இரக்கப்படுவாங்க. கண்ணால பார்த்துட்டும் விடலைன்னு எழுதினா, கவர்னர் அப்படிச் செய்வாரான்னு உன்னையத்தான் பொய்யன்னுவாங்கன்னு சொன்னாரு.’

வெளியே ஒரு நீராவிக் கப்பல் கொடி ஏற்றி நின்றது. அவர் துடுப்பைப் போட்டுப் போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
ஹ்யூபர்ட்